ஆட்டின் கண்ணைப் பார்த்தே வயிற்றுப் புழுவைச் சொல்லிவிடலாம், தெரியுமா?

நீளம் மூன்று சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆனால் ஒரே ஒரு பெண்புழு, ஒரே நாளில், 5,000 முதல் 10,000 முட்டை வரை போடும்! ஒரு வெள்ளாட்டின் வயிற்றில் இப்படி ஆயிரம் புழு இருக்கிறது என்று வையுங்கள். மழைக்காலத்தில் ஆயிரம் என்பது பெரிய எண்ணே அல்ல. அதில் பாதிதான் பெண் என்றாலும் தினமும் குறைந்தது 25 லட்சம் முட்டை புழுக்கையோடு தரையில் விழுகிறது. ஒரே ஆடு, ஒரே நாள், 25 லட்சம்!

இந்தப் புழுவின் பெயர் ஹீமாங்கஸ் கன்டார்டஸ். ஆடு வளர்க்கிறவர்களின் தூக்கத்தை உலகம் முழுக்கக் கெடுக்கிற முதல் எதிரி இதுதான். குடியிருப்பது ஆட்டின் நான்காம் இரைப்பையில். அறுத்த ஆட்டின் இரைப்பையைப் பிரித்துப் பார்த்தால் பெண்புழுவைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். ரத்தம் நிறைந்த சிவப்புக் குடல் ஒன்று, அதைச் சுற்றிச் சுற்றிப் போகும் வெள்ளைக் கருப்பை ஒன்று, இரண்டும் முறுக்கிக்கொண்டு தலையிலிருந்து வால்வரை ஓடும். வாயில் ஊசிமுனை மாதிரி ஒரு சின்னக் கத்தி வேறு! அதால் இரைப்பைச் சுவரைக் கீறும், ரத்தம் உறையாமல் இருக்க ஒரு நீரைச் சுரக்கும், குடிக்கும். பிறகு அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும். விட்டுப்போன காயத்திலிருந்தும் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும்.

ஒரு புழு ஒரு நாளில் 0.05 மில்லி ரத்தத்தை வீணாக்கும் என்பது கணக்கு. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆயிரம் புழுவால் பெருக்குங்கள்: தினமும் 50 மில்லி! 20 கிலோ எடையுள்ள ஆட்டின் உடம்பில் மொத்தம் இருப்பதே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம்தான். எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஆடு கழியாது, இருமாது, காய்ச்சல் வராது. நேற்றுவரை மந்தையோடு நடந்தது இன்று பின்தங்கும், நாளை படுக்கும், மறுநாள் எழாது.

தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை கட்டித் தொங்குகிற ஆட்டைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்தப் புழுவின் வேலைதான், தெரியுமா? ரத்தத்தோடு புரதமும் போய்விடுவதால் ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைக்க ஆளில்லை. நீர் வெளியே கசிகிறது. பகலெல்லாம் தலையைக் குனிந்து மேய்கிற ஆட்டுக்கு அது தாடைக்கடியில் சேர்கிறது. இதில் ஒரு ஏமாற்றும் இருக்கிறது. சாயந்தரம் தெளிவாகத் தெரிகிற வீக்கம், ராத்திரி தலை நிமிர்ந்து படுத்திருந்தால் காலையில் வற்றிவிடக்கூடும். காலையில் மட்டும் மந்தையைப் பார்க்கிறவர் கண்ணில் படாமலே போகும்!

சரி, வயிற்றுக்குள் இருப்பதைக் கண்ணில் எப்படிப் பார்ப்பது?

தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில், விலை பேசுவதற்கு முன்னால் கைதேர்ந்த வியாபாரிகள் செய்வதைக் கவனித்தால் புரியும். பல்லைப் பார்ப்பார்கள், அது வயசுக்கு. முதுகை அமுக்கிப் பார்ப்பார்கள், அது சதைக்கு. அடுத்து இடது கட்டைவிரலால் மேல் இமையை லேசாக அமுக்கி, வலது கட்டைவிரலால் கீழ் இமையை இழுப்பார்கள். உள்சதை பொட்டென்று வெளியே பிதுங்கும். ஒரு பெரியவர் ஒரு கன்னி ஆட்டின் இமையை அப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு ஆட்டுக்காரப் பெண்மணியிடம் கேட்டார்:

“என்ன தாயி, கண்ணு வெளுத்துக் கெடக்கே. புழு மருந்து கொடுக்கலியா?”

“போன மாசந்தான கொடுத்தேன் அண்ணாச்சி!”

இந்த இரண்டு வரிக்குள் ஆட்டுப் புழுவின் மொத்த அறிவியலும் அடங்கியிருக்கிறது. பெரியவர் பார்த்தது சரி. அந்த அம்மா மருந்து கொடுத்ததும் நிஜம். பிறகு ஏன் கண் வெளுத்தது? அங்கேதான் அதிசயம் மேல் அதிசயமாக வருகிறது.

முதலில் அந்த இமை விஷயம். தென்னாப்பிரிக்காவில் 1990களில் கால்நடை மருத்துவர் ஃபிரான்சுவா மாலனும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் இதை ஒரு முறையாகவே ஆக்கினார்கள். நல்ல சிவப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து நிறங்கள் அச்சடித்த அட்டை ஒன்று. ஃபமாச்சா அட்டை என்று பெயர். ஆட்டின் இமையை அந்த நிறங்களோடு ஒப்பிட வேண்டும். 1, 2 என்றால் மருந்து வேண்டாம். வெள்ளாட்டில் 3 வந்தாலே மருந்து. 4, 5 என்றால் தாமதிக்கக் கூடாது. பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், சட்டென்று பார்த்துவிட வேண்டும். இமையைத் திறந்தே வைத்திருந்தால் சிவந்து ஏமாற்றும். இரண்டு கண்ணையும் பார்த்து, எது அதிகம் வெளுத்திருக்கிறதோ அதையே கணக்கில் எடுக்க வேண்டும். உண்ணி மொய்த்திருந்தாலும், ஈரல் புழு இருந்தாலும் கண் வெளுக்கும் என்பதை மறக்கக் கூடாது. கண்வலி வந்த ஆட்டின் இமை தூசியாலும் புண்ணாலும் சிவந்து, சோகையையே மறைத்துவிடும்.

இன்னொன்று, நான் படித்ததிலேயே என்னை அதிகம் அசரவைத்தது: ஒரு மந்தையில் இருக்கிற புழுவில் பெரும்பகுதி, ஏறக்குறைய 80 சதவீதம், ஐந்தில் ஒரு பங்கு ஆடுகளுக்குள்ளேதான் இருக்கிறது! நூறு ஆடு வைத்திருக்கிறவர் நூற்றுக்கும் மருந்து ஊற்றுகிறார். அதில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையே இல்லை. அந்த இருபதைக் கண்டுபிடித்தால் போதும். அதற்குத்தான் இமை.

தேவையில்லாமல் கொடுத்தால் காசுதானே போகும் என்று நினைக்கிறோம். இல்லவே இல்லை! போவது மருந்தின் வீரியம். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்தால் மருந்துக்குச் சாகிற புழுவெல்லாம் செத்துவிடும். மருந்தை எதிர்த்து நிற்கிற ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சும். அடுத்த தலைமுறை முழுக்க அதன் பிள்ளைகள். நாளுக்கு 5,000 முட்டை என்றால் அந்தத் தலைமுறை வர எவ்வளவு காலம் ஆகும்? அதனால் நன்றாக இருக்கிற ஆடுகளின் வயிற்றில் கொஞ்சம் புழுவை வேண்டுமென்றே விட்டுவைக்கச் சொல்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். மருந்துக்குப் பணிகிற அந்தப் புழுக்கள், பணியாத புழுக்களோடு கலந்து பெருகினால் மருந்து இன்னும் பல வருடம் வேலை செய்யும். புழுவை வைத்தே புழுவை அடக்குவது!

இது வெறும் பயமுறுத்தல் அல்ல, நடந்த கதை. தையபெண்டசோல் என்ற மருந்து 1961இல் சந்தைக்கு வந்தபோது இனிப் புழுப் பிரச்சினை தீர்ந்தது என்று கொண்டாடினார்கள். 1964இலேயே அதற்குச் சாகாத ஹீமாங்கஸ் வந்துவிட்டது. மூன்றே வருடம்! 2009இல் நியூசிலாந்தில் மோனபான்டல் என்ற புத்தம் புது வகை மருந்து வந்தது. அதே நாட்டின் பண்ணை ஒன்றில் ஆட்டுப் புழுக்கள் அதையும் வென்றுவிட்டன என்று 2013இல் ஆய்வறிக்கை வெளியானது. நம் நீலகிரி மலைப் பக்கத்துப் பண்ணைப் புழுக்களிலும் மருந்து எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது.

தையபெண்டசோலுக்கும் மோனபான்டலுக்கும் நடுவில் ஐவர்மெக்டின் கதை வருகிறது. ஜப்பானில் ஷிசுவோகா மாநிலத்து கவானா என்ற ஊரில், ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் அள்ளிய ஒரு பிடி மண். அதிலிருந்த நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தவர் சதோஷி ஓமுரா. அதிலிருந்து புழு மருந்தைக் கண்டெடுத்த குழுவின் தலைவர், அமெரிக்காவில் மெர்க் நிறுவனத்தில் இருந்த அயர்லாந்துக்காரர் வில்லியம் கேம்பல். 1981இல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்தது. ஆடு மாட்டுக்கென்று வந்த அந்த மருந்துதான், ஆப்பிரிக்காவில் கருப்பு ஈ கடித்துப் பரவி மனிதர்களின் கண்ணைப் பறித்துக்கொண்டிருந்த நோயையும் அடக்கியது! 1987 முதல் அந்த நோய்க்கு இலவசமாகவே கொடுத்தார்கள். 2015இல் இருவருக்கும் நோபல் பரிசு. உலகமே கொண்டாடிய அந்த மருந்துக்கும் ஹீமாங்கஸ் அசரவில்லை. 1980கள் முடிவதற்குள்ளேயே அதை எதிர்த்து நின்ற புழுக்கள் தென்னாப்பிரிக்காவில் பதிவாகிவிட்டன.

செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் ஒரே அளவு மருந்து போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். போதாது, தெரியுமா? வெள்ளாட்டின் ஈரல் இந்த மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும். செம்மறிக்குச் சொன்ன அளவை வெள்ளாட்டுக்குக் கொடுத்தால் புழு சாகாது, மருந்தோடு பழகும். பெண்டசோல் வகை என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு, லெவாமிசோல் என்றால் ஒன்றரை மடங்கு என்று கால்நடை மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். ஆனால் லெவாமிசோல் கொஞ்சம் கூடினாலும் விஷம். அல்பெண்டசோலைச் சினை ஆட்டுக்கு ஆரம்ப நாட்களில் கொடுக்கவே கூடாது. அதனால் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எடையைக் கண்ணால் மதிக்காமல் தராசில் போட்டுச் சொன்னால் அவருக்கும் வசதி, ஆட்டுக்கும் நல்லது. மருந்தைக் கடைவாய் வழியே நாக்கின் பின்பக்கம் போய் விழும்படி நிதானமாக ஊற்ற வேண்டும்.

இப்போது எட்டயபுரத்து அம்மாவின் பதிலுக்கு வருவோம். மருந்து பலித்தே இருந்தாலும்கூட ஒரு மாதத்தில் கண் வெளுக்க வழி உண்டு. ஏனென்றால் புழு இருப்பது ஆட்டில் மட்டும் அல்ல, புல்லிலும்தான்! புழுக்கையில் விழுந்த முட்டை, வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் நாலு நாள் முதல் ஒரு வாரத்துக்குள் பொரிந்து, இரண்டு முறை தோலுரித்து, ஆட்டைத் தாக்கும் மூன்றாம் நிலைப் புழுக்குஞ்சாகிவிடும். அதற்குள் புழுக்கையில் இருக்கிற பாக்டீரியாவைத் தின்று கொழுத்துக்கொள்ளும். மூன்றாம் நிலையில் அது பழைய தோலைக் கழற்றாமல் உறைபோல மேலேயே போட்டுக்கொள்ளும். வெயிலுக்கு அது கவசம். ஆனால் வாயும் அந்த உறைக்குள் மூடிப்போகும்! இனி அது எதையும் தின்ன முடியாது. சேர்த்து வைத்த கொழுப்புத் தீர்வதற்குள் ஓர் ஆட்டின் வாய்க்குள் போனால் வாழ்வு, இல்லையென்றால் சாவு.

அதனால் பனித்துளியும் மழைத்துளியும் புல்லில் விரித்த மெல்லிய நீர்ப் படலத்தில் நெளிந்து நெளிந்து ஏறும். ஆனாலும் பெரும்பாலானவை தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போவதில்லை. ஆட்டின் வயிற்றுக்குள் போனதும் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, மூன்று வாரத்துக்குள் தானே முட்டையிடத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பின் ஆடுகள் மடமடவென்று சரிவது ஏன் என்று இப்போது விளங்குகிறதா? வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகு பட்டியைத் திற என்று பெரியவர்கள் சொல்வதில் எவ்வளவு பொருள் இருக்கிறது!

கோடையில் என்ன ஆகும்? வெளியே முட்டை காய்ந்து கருகிவிடும் காலம். அது புழுவுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. ஆட்டுக்குள் நுழைந்த குஞ்சு, இரைப்பைச் சுவருக்குள் புகுந்து, வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். மழைக்காலம் நெருங்கும்போது மொத்தமாக எழுந்துகொள்ளும். அதைவிட ஆச்சரியம், ஆடு குட்டி போடும் சமயத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி தளரும்போது புழுக்கையில் முட்டை எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறும். மேயப் பழகும் இளங்குட்டிகள் வரும்போது புல்லில் குஞ்சுகள் தயாராக இருக்கும்!

மேய்ச்சலை வைத்தே இதை முறியடிக்க முடியுமா? பசிபிக் தீவு ஒன்றில் முடிந்திருக்கிறது. மழையும் வெக்கையும் வருடம் முழுக்க இருக்கும் அந்த ஊரில், 1990களின் தொடக்கத்தில் ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளாட்டு மேய்ச்சல் நிலத்தைப் பத்துத் துண்டாக வேலி போட்டுப் பிரித்தார்கள். ஒரு துண்டில் மூன்றரை நாள்தான். முட்டை பொரிந்து குஞ்சு தயாராவதற்குள் மந்தை அடுத்த துண்டுக்குப் போய்விடும். சுற்றி முடித்து முதல் துண்டுக்குத் திரும்பும்போது 35 நாள் ஆகியிருக்கும். அந்த வெக்கையில் குஞ்சுகள் ஓடியாடிக் கொழுப்பைத் தீர்த்துப் பெரும்பாலும் செத்திருக்கும். ஒரே இடத்தில் மேய்ந்த ஆடுகளோடு ஒப்பிட்டால் இவற்றின் புழுக்கையில் முட்டை பாதிக்கும் குறைவு! குளிர் ஊரில் இந்த 35 நாள் கணக்கு செல்லாது. அங்கே குஞ்சு பல மாதம் உயிரோடு இருக்கும். வெக்கையே மருந்தாகும் வரம் நம்மைப் போன்ற ஊர்களுக்குத்தான்.

வெள்ளாடு ஏன் செம்மறியைவிட இந்தப் புழுவிடம் அதிகம் அவதிப்படுகிறது? அது புல் தின்னப் பிறந்த விலங்கே அல்ல, தழை தின்னப் பிறந்தது. இரண்டு காலில் எம்பிக் கிளுவையையும் வேலாவையும் கடிக்கிற உயரத்தில் புழுக்குஞ்சு ஏது? அதனால் புழுவை எதிர்க்கும் பலத்தை அதன் உடம்பு பெரிதாக வளர்த்துக்கொள்ளவே இல்லை. அதை ஒட்டப் புல் மேயவிட்டால் தோற்றுப்போகிறது. அகத்தியையும் சூபாபுல்லையும் கட்டித் தொங்கவிட்டால், பரண் மேல் வைத்துப் புழுக்கை கீழே விழ வளர்த்தால், சுழற்சியே அறுந்துவிடுகிறது.

ஆடு தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொள்ளும் என்றால் நம்புவீர்களா? இஸ்ரேலில் நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. மத்தியதரைக் கடல் பக்கத்தில் துவர்ப்பு மிகுந்த ஒரு புதர் வளர்கிறது. அதன் இலை புழுவுக்குப் பகை, ஆனால் ஆட்டின் புரதச் செரிமானத்துக்கும் கெடுதல். மம்பர் என்ற நாட்டு இன வெள்ளாடுகளில் புழுத் தொற்றிய ஆடுகள், தொற்றாதவற்றைவிட அந்த இலையை விரும்பித் தின்றன. வலி வந்தால்தான் மருந்து! டமாஸ்கஸ் இன ஆடுகளோ நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தின்றன. வருமுன் காப்பு என்று ஆய்வாளர்கள் அதைப் பொருள்கொண்டார்கள்.

புழுவைத் தின்னும் பூஞ்சையும் உண்டு. டடிங்டோனியா என்று பெயர். அதன் விதைத்தூளைத் தீவனத்தில் கலந்து கொடுத்தால் ஆட்டின் குடலில் செரிக்காமல் கடந்து புழுக்கையில் முளைக்கும். ஒட்டும் வலை பின்னி, பொரிந்து வரும் புழுக்குஞ்சுகளைப் பிடித்துத் துளைத்துத் தின்னும். ஆஸ்திரேலியாவில் 2014 முதல் செம்மறிகளுக்குத் தடுப்பூசியே இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆய்வு நிறுவனத்தில் பிறந்த யோசனை அது. புழுவின் குடல் சுவரிலிருந்து எடுத்த புரதத்தை ஊசியாகப் போடுவார்கள். ஆட்டின் ரத்தத்தில் அதற்கு எதிர்ப்புப் பொருள் உருவாகும். புழு வழக்கம்போல ரத்தம் குடிக்கும், குடித்த ரத்தமே அதன் குடலைத் தாக்கும்!

இவ்வளவும் ஒரே ஒரு புழுவைப் பற்றி. மற்றவை கொஞ்சம் விரைவாக. புழுக்கையில் சாதப் பருக்கை மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. ஆறு மீட்டர் வரை வளரும், பார்க்கப் பயங்கரம், ஆனால் வளர்ந்த ஆட்டுக்குப் பெரிய கெடுதல் இல்லை. புழுக்கையில் கண்ணுக்குத் தெரியாத ஹீமாங்கஸ்தான் கொல்கிறது. மூன்று வாரம் முதல் ஐந்து மாதம் வரையான குட்டிகள் ரத்தமாகக் கழிந்தால் அது பெரும்பாலும் ரத்தக் கழிச்சல். அதற்குக் காரணம் புழுவே அல்ல, ஒற்றைச் செல் உயிரி. புழு மருந்து அதை ஒன்றும் செய்யாது, மருத்துவரிடம் ஓட வேண்டும். குளத்தோரம் மேயும் ஆட்டின் ஈரலுக்கு நத்தை வழியே தட்டைப்புழு வரும். ஐரோப்பாவில் இன்னொரு ஈரல் புழு எறும்பையே ஆட்டிப் படைக்கிறது: தொற்றிய எறும்பு குளிர்ந்த வேளையில் புல் நுனிக்கு ஏறிக் கடித்துக்கொண்டு தொங்கும், மேயும் விலங்கு தின்னட்டும் என்று. வெயில் சுட்டால் இறங்கிப் போய்விடும்!

புழுக்கையைப் பரிசோதிக்க என்ன பெரிய ரசாயனம் வேண்டும்? சாப்பாட்டு உப்பு! தண்ணீரில் இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்து, அதில் புழுக்கையைக் குழைத்து வடிகட்டினால், முட்டைகள் மேலே மிதந்து வரும். நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய ஓடும் உள்ளே நெருக்கியடித்த கரும் செல்களுமாகப் பளிச்சென்று தெரியும். 1939இல் ஆஸ்திரேலியாவில் கார்டன், விட்லாக் என்ற இருவர் கோடு போட்ட எண்ணும் கண்ணாடித் தட்டு ஒன்றை வடிவமைத்தார்கள். இன்றும் உலகெங்கும் அதுதான். மருந்து கொடுக்கும் நாளில் ஒருமுறை, பத்துப் பதினான்கு நாள் கழித்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 95 சதவீதம் குறைந்திருக்காவிட்டால் அந்த மருந்து உங்கள் பண்ணையில் தோற்றுக்கொண்டிருக்கிறது. எட்டயபுரத்து அம்மாவின் ஆட்டுக்கு வந்தது புதுப் புழுவா, சாகாத பழைய புழுவா என்று சொல்லக்கூடிய சோதனை இது. ஆசனவாயிலிருந்து நேராக எடுத்த சுத்தமான புழுக்கையை ஒரு கவரில் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

எண்ணிப் பார்க்கும்போது எந்தக் கிடாவின் பிள்ளைகளுக்கு முட்டை குறைவு என்று குறித்து வையுங்கள். புழுவைத் தாங்கும் குணம் வம்சத்தில் வருவது! சுந்தரவனச் சதுப்பில் நீரில் நின்று மேயும் காரோல் செம்மறி, ஹீமாங்கஸுக்கு எளிதில் மசியாத இனமாகப் பெயர் பெற்றிருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் திரும்பத் திரும்பக் கண் வெளுக்கிற ஆட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும் இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.

தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும் ஆட்டுக்கு என்ன ஆயிற்று, தெரியுமா? அதன் மூளைக்குள் நாயின் நாடாப்புழுக் குஞ்சு நீர்க்கட்டியாக உட்கார்ந்திருக்கக்கூடும். நாய் மலத்தில் போன முட்டையைப் புல்லோடு ஆடு தின்கிறது. அந்த ஆட்டின் தலையை நாய் தின்றால் சுழற்சி மறுபடி தொடங்கிவிடும். ஆகவே அறுத்த ஆட்டின் தலையையும் மூளையையும் நாய்க்கு வீசாமல் ஆழமாகப் புதையுங்கள். பட்டிக் காவல் நாய்க்கும் குடற்புழு மருந்து உண்டு. அடுத்த முறை மருந்தகத்துக்குப் போகும்போது அதற்கும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.